இரண்டாம் கவுண்டரின் எண்

நம் நிரல்களில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஏன் இவ்வளவு நீளமான அடையாளம், புரோசஸ் எண் ஒன்று போதாதா என்று புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் சலித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். யார் என்று நான் விசாரிக்கவில்லை. அந்த விதியை எழுதி வைத்தவன் நான்தான். ஓய்வு பெற்று வீட்டில் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருப்பவனுடைய விதியைக் காப்பாற்றவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. வேண்டாமென்றால் தூக்கிவிடுங்கள். தூக்குவதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இந்தக் கதையில் நான் கெட்டிக்காரனாக வரும் இடம் ஒன்றுகூட இல்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை மூடப்பட்டிருந்த காலம். போவதென்றால் திருகோணமலையிலிருந்து கப்பலில்தான் போகவேண்டும். கலியாணத்துக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், கொழும்பில் அலுவல் முடித்துத் திரும்பியவர்கள் எல்லோரும் நம் ஊரில் வந்து மாட்டிக்கொண்டார்கள். தெரிந்தவர் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, கப்பல் எப்போது வரும், தங்கள் பெயர் எப்போது வரும் என்று நாளைக் கழித்தார்கள். கப்பல் வரும் நாள் முன்கூட்டித் தெரியாது. வந்த பிறகுதான் இத்தனை பேருக்கு இடம் என்று சொல்வார்கள். பயணிகள் பட்டியலைத் தயாரிக்கும் ஒரு சின்ன அலுவலகம் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்தது. இப்போது அது இல்லை, பெயரும் வேண்டாம். அதற்கு நிரல் எழுதிக் கொடுத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொள்வதற்காக அங்கேயே பின்னறையில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தவன் நான்.

கணினி ஒன்றுதான். அதோடு இணைத்த மூன்று திரைகள், மூன்று கவுண்டர்கள், மூன்று பெண்பிள்ளைகள். இரண்டாம் கவுண்டரில் இருந்தவள் வசந்தி. ஊருக்கு வெளியே கடற்கரைக் கிராமமான சல்லியிலிருந்து வருபவள். வயது இருபத்துநாலோ ஐந்தோ. அவளுடைய அப்பா கடற்றொழில் செய்தவர். கடலுக்குப் போகத் தடை வந்து வள்ளம் கரையில் கிடந்ததால், அந்த வீட்டில் உலை வைத்தது அவளுடைய சம்பளம்தான். சோதனைச் சாவடிகளில் எவ்வளவு நேரம் போகும் என்று தெரியாதென்பதால் வெள்ளனவே புறப்பட்டு, மற்ற இருவருக்கும் அரை மணி நேரம் முந்தியே வந்து தன் திரையைத் திறந்துவிடுவாள். அவள் முதலில் வருகிறவள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வினையானது அந்த நல்ல பழக்கம்தான்.

நிரலுக்குள் பொதிந்த தரவுத்தளத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. தனியாக உட்கார்ந்து காவல் பார்க்கும் சேர்வர் அதற்குக் கிடையாது. நம் நிரலுக்குள்ளேயே குடியிருக்கும். ஆகவே ஒருவர் திறந்த பதிவை இன்னொருவர் தொடாதபடி பூட்டும்போது, இரண்டு கேள்விகளை அது நம்மிடம்தான் கேட்கும். இந்தப் பதிவைப் பூட்டி வைத்திருப்பவர் யார்? அவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா? நாம் என்ன சொல்கிறோமோ அதை அப்படியே நம்பும்.

முதல் கேள்விக்கு நான் எழுதிய பதில் புரோசஸ் எண் மட்டும். ஒவ்வொரு கவுண்டரிலும் ஓடும் நிரல் ஒரு புரோசஸ். அதற்குள் தனித்தனியாக ஓடும் வேலைகளாக விசைப்பலகையைப் பார்க்க ஒரு த்ரெட், பிரிண்டரைப் பார்க்க இன்னொரு த்ரெட். இரண்டும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். புரோசஸையும் த்ரெட்டையும் சேர்த்துக் கொடு என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தது. படித்தேன். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று எண் போதும், இதற்கு மேல் என்ன என்று விட்டுவிட்டேன். எழுத வேண்டியிருந்தது நாலு வரி.

உப்புக்காற்றில் கடதாசி எப்போதும் ஈரமாகவே இருக்கும். பிரிண்டர் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் அதைப் பார்க்கும் த்ரெட் செத்துப்போகும், ஆனால் புரோசஸ் உயிரோடு இருக்கும். தரவுத்தளம் கேட்கும், பூட்டினவர் இருக்கிறாரா என்று. எண்ணைப் பார்த்து, இருக்கிறார் என்று என் நிரல் சொல்லும். அந்தப் பயணியின் பதிவு யாராலும் தொட முடியாமல் பூட்டியபடியே கிடக்கும். வெயிலில் வரிசை நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

அந்த வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் குடிக்கவோ நிழலில் கொஞ்சம் இருக்கவோ போகிறவர்கள் தங்கள் பையை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். பை இருந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். நெடுநேரம் ஆள் வரவில்லையென்றால், “இது ஆரின்ர பை?” என்று யாராவது சத்தம்போட்டுக் கேட்பார்கள். மூன்று தரம் கேட்காமல் எந்தப் பையையும் ஒருவரும் நகர்த்தியதை நான் பார்த்ததில்லை. அத்தனை அவதியிலும் அந்த மரியாதை இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பதினைந்து நிமிடம் அசையாமல் கிடக்கும் பூட்டை, யாருடையது என்று கேட்காமலே உடைத்துவிடும் ஒரு த்ரெட்டை எழுதினேன். அதற்குத் துப்புரவாள் என்று பெயர் வைத்து எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். காலையில் எந்தக் கவுண்டர் முதலில் திறக்கிறதோ அந்தப் புரோசஸுக்குள் அது ஓடும்படி வைத்தேன். ஒன்று ஓடினால் போதுமே. தினமும் முதலில் திறப்பது வசந்தி. ஆகவே, யார் எப்போது என்ன செய்தார் என்று கணினி எழுதிவைக்கும் லொக்கில், துப்புரவாள் செய்த எல்லாம் அவளுடைய எண்ணான இரண்டு என்றே விழுந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். கப்பல் வந்துவிட்டது, மறுநாள் காலை புறப்படும் என்றார்கள். பத்து மணிக்குள் இடங்கள் ஏறக்குறைய நிரம்பிவிட்டன. மூன்றாம் கவுண்டருக்கு யாழ்ப்பாணம் கொக்குவிலைச் சேர்ந்த ஒரு அம்மா வந்தார். கொழும்பிலிருக்கும் மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போய், திரும்பும் வழியில் மாட்டிக்கொண்டவர். வீட்டில் கணவர் படுத்த படுக்கை, அயலவர்கள்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள். முப்பத்தெட்டு நாள் காத்திருந்தவர். பெயர் வந்துவிட்டது, ஆனால் பயண அனுமதிப் பாஸில் இருந்த சீல் மங்கலாக இருந்தது. மூன்றாம் கவுண்டர்ப் பிள்ளை நல்ல மனசுக்காரி. பதிவைத் திறந்தபடியே வைத்துவிட்டு, “வாங்கோ அம்மா, அஞ்சு நிமிசம்” என்று அவரை வீதிக்கு அந்தப்பக்கம் இருந்த அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

சீல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் வீதியை மறித்துவிட்டார்கள். படையினரின் வாகனத் தொடர் போகிறது. உங்களில் பலர் அப்போது சின்னப் பிள்ளைகள். தொடர் வருகிறதென்றால் வீதியில் யாரும் அசையக்கூடாது, நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். இருபது கஜத் தூரத்தில், எங்கள் வாசலைப் பார்த்தபடி, அந்த அம்மாவும் அந்தப் பிள்ளையும் அரை மணி நேரம் நின்றார்கள்.

பதினைந்தாவது நிமிடம் துப்புரவாள் அந்தப் பூட்டை உடைத்தது. இடம் காலியென்று எல்லாத் திரைகளிலும் தெரிந்தது. அடுத்த நிமிடம் வசந்தியின் முன்னால் நின்றவருக்கு அது போனது. அவர் யாழ்ப்பாணத்தில் தச்சுவேலை செய்பவர், ஒரு மாதமாகப் பெயர் கொடுத்து வைத்திருந்தவர், முறையாக அவருடைய முறைதான். ஆனால் அவர் வசந்தியின் சித்தியைக் கட்டியவர். நம் ஊரில் யாருக்கு யார் சொந்தமில்லை? அதுதான் கடைசி இடம்.

வீதி திறந்து அந்த அம்மா வந்தபோது பட்டியலில் அவருடைய பெயர் இல்லை. முதலில் அவருக்கு விளங்கவில்லை. பிறகு படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் அழவில்லை, வரிசைதான் கொதித்தது. “சொந்தக்காரனுக்குத் தூக்கிக் குடுத்திட்டாள்!” என்று யாரோ கத்தினார்கள். கண்ணாடியில் ஒரு கல் விழுந்தது. எங்கள் முகாமையாளர் பின்னறைக்கு ஓடி வந்தார். கப்பலுக்குப் பொறுப்பான அதிகாரி இன்னும் பத்து நிமிடத்தில் வருகிறார், அதற்குள் ஒரு பதில் வேண்டும் என்றார்.

நான் லொக்கை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு விடுவித்தது. இரண்டு வழங்கியது. விடுவித்ததற்கும் வழங்கியதற்கும் இடையில் ஒரு நிமிடம்கூட இல்லை.

“ரெண்டெண்டால் வசந்திதானே, தம்பி?”

“ஓம்.”

“வேற ஆரும் செய்திருக்க ஏலாதோ? வடிவா யோசிச்சுச் சொல்லும்.”

பத்து நிமிடம் தந்தார் மனிதர். நான் பத்து விநாடிகூட எடுக்கவில்லை. “கொம்பியூட்டர் பொய் சொல்லாது” என்றேன். அதைச் சொன்னபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இன்றைக்கும் அந்த வசனத்தை யாராவது சொன்னால் எனக்கு உடம்பு கூசுகிறது.

வசந்தியைக் கூப்பிட்டார்கள். வாசலில் வந்து நின்றாள். “சேர், நான் மூண்டாம் கவுண்டர்ப் பதிவைத் தொடவே இல்லை. காலியெண்டு காட்டினது, குடுத்தனான். அவ்வளவுதான்.” முகாமையாளரை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்துச் சொன்னாள். எனக்கு அந்தப் பிள்ளைமேல் பரிவு இருந்தது. அவள் களவு செய்பவள் இல்லை என்று தெரியும். ஆகவே தலையைத் தடவுகிற குரலில் ஒன்று சொன்னேன்.

“நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைப் பிள்ளை. எனக்குத் தெரியும். தெரியாமல் விசையை அமத்தியிருப்பீங்கள்.”

அவள் தன் கையைப் பார்த்தாள். அன்று மத்தியானமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வரிசையைக் கடந்து அவள் போனபோது கேட்ட வார்த்தைகளை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பின்னேரம் லொக்கை மறுபடி புரட்டினேன். எந்த விசையை அமத்தியிருப்பாள் என்று கண்டுபிடித்து, இனி அப்படி நடக்காமல் ஒரு எச்சரிக்கை போடலாம் என்ற எண்ணம். பழைய நாட்களில் இரண்டு விடுவித்தது என்று வேறு இடங்களிலும் கிடந்தது. நேரத்தைப் பார்த்தேன். ஒன்று மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு நடந்திருந்தது. இன்னொன்றும் அதே நேரத்துக்குக் கிட்டத்தான். அந்த நேரத்தில் வசந்தி குசினிப்பக்கம் மேசையில் எனக்கு எதிரே இருந்து சாப்பிடுவாள். கொண்டுவரும் நெத்தலிப் பொரியலில் எனக்கும் பாதி வைப்பாள். என் வாயில் அவளுடைய நெத்தலி இருந்த நேரத்தில், லொக்கின்படி அவள் கவுண்டரில் பூட்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது: உடைத்தது அவளுடைய புரோசஸுக்குள் ஓடிய என் துப்புரவாள். அந்த நாலு வரியை அன்றைக்கே எழுதினேன். துப்புரவாளுக்கு அதற்கென ஒரு அடையாளம், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அதனதன் அடையாளம், எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. நிரலைத் திருத்த ஒரு மணி நேரம் எடுத்த நான் வாயைத் திறக்கப் பதினொரு நாள் எடுத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பயம். கப்பல் பட்டியலில் கைவைத்தது யார் என்ற கேள்வி அந்தக் காலத்தில் அலுவலகத்துக்குள் மட்டும் நின்றுவிடும் கேள்வி இல்லை. வேறு ஆட்கள் கேட்பார்கள், வேறு இடத்தில் வைத்துக் கேட்பார்கள். எனக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள். முதல் நாள் முகாமையாளர் கோபமாக இருக்கிறார் என்று விட்டேன். இரண்டாம் நாள் இன்னும் ஆதாரம் சேர்க்கலாம் என்று விட்டேன். பிறகு ஊரடங்கு வந்தது, அது நல்ல சாட்டாகப் போயிற்று. வசந்திக்குப் பிள்ளை குட்டி இல்லையே, வேறு வேலை கிடைக்கும் என்றுகூட ஒருநாள் யோசித்தேன். இதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

பதினோராம் நாள் முகாமையாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். “தம்பி, அது முடிஞ்ச கதை. அந்த அம்மாவும் முந்தநாள் கப்பலில போயிட்டா. இப்ப நீர் வெளிக்கிட்டு இதைக் கிளறினால் உமக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல். வேலையைப் பாரும்.” அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அன்றைக்கு வடிவாக யோசித்துச் சொல்லும் என்று கேட்டவர் அவர்தான்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். யார் செய்தது என்று தரவுத்தளம் கேட்டாலும் மனிதர் கேட்டாலும், உங்களிடம் இருக்கும் எண் எதுவரைக்கும் சொல்லும் என்று முதலில் பாருங்கள். அது கட்டடத்தைச் சொல்கிறதா, அறையைச் சொல்கிறதா, ஆளைச் சொல்கிறதா? கட்டடம் வரைக்கும்தான் தெரியுமென்றால் கட்டடம் வரைக்கும்தான் தெரியும் என்று சொல்லுங்கள். பதில் வராதவரைச் செத்தவர் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் வீதிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருக்கலாம். மேலே இருப்பவர் பத்து நிமிடம் தந்தால் பத்து நிமிடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறுதல் சொல்லப்போய், தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல ஒருவர் தலையில் வைக்காதீர்கள். இதில் கடைசிதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் சைக்கிளில் சல்லிக்குப் போனேன். வசந்தியின் அப்பா வள்ளத்தின் நிழலில் இருந்தார். “வாங்கோ தம்பி” என்று எழுந்து, உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். வசந்தி கையில் பாஸ்போட் படங்களோடு வந்தாள். குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போக ஏஜென்சியில் பதிந்திருக்கிறாளாம். எனக்குக் கதிரை கொண்டுவந்து போட்டாள். நான் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னேன். த்ரெட், புரோசஸ் ஒன்றையும் விடாமல், அவளுக்கு விளங்கும்படி, துப்புரவாள் என்ற பெயர் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கையிலிருந்த படங்களைக் கதிரையில் வைத்தாள்.

“அப்ப நான் அமத்தேல்லையோ, சேர்?”

“இல்லைப் பிள்ளை. நீங்கள் ஒண்டுமே செய்யேல்லை.”

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“அண்டைக்குப் பின்னேரமே.”

அவளுடைய அப்பா எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டார். என்னை அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வசந்தி சொன்னாள்: “நீங்கள் சொன்னபடியால நான் நம்பிட்டன், சேர். உங்களுக்குத்தானே கொம்பியூட்டர் தெரியும். எந்த விரல் எண்டுதான் யோசிச்சுக்கொண்டு கிடந்தனான். நாலாம் நாள் அந்த அம்மா இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய் அவவின்ர காலில விழுந்தனான். நான்தான் தெரியாமல் செய்துபோட்டன் அம்மா எண்டு அழுதனான். அவ என்னைத் தூக்கி, பரவாயில்லை மகள், மனுசருக்குப் பிழை வாறதுதானே எண்டு சொல்லி, தேத்தண்ணி ஊத்தித் தந்தவ. செய்யாததுக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறன்.”

பிறகு கேட்டாள். “அவவிட்ட இனி ஆர் போய்ச் சொல்லுறது, நான் இல்லையெண்டு?”

“நான் சொல்லுவன்” என்றேன். அவளுக்கு நான் கொடுக்கக்கூடியதாக அது ஒன்றுதான் இருந்தது. அடுத்த மாதம் அவள் குவைத்துக்குப் போய்விட்டாள்.

பாதை திறக்கச் சில வருடங்கள் ஆயின. திறந்ததும் கொக்குவிலுக்குப் போனேன். அந்த அம்மாவின் பெயரையும் முகவரியையும் பழைய பட்டியலிலிருந்து எழுதி வைத்திருந்தேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. கதவைத் திறந்தவர் அவருடைய தம்பி மகன். கணவர் இறந்து கொஞ்ச நாளில் அவரும் காலமாகிவிட்டார், இரண்டு வருடத்துக்கு மேலாகிறது என்றான். திண்ணையில்லாத அந்தச் சின்ன வாசலில் நின்று அவனிடம் என்னத்தைச் சொல்வது? தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வசந்தி இப்போது ஊரில்தான் இருக்கிறாள். ஏழு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து, சாம்பல்தீவுச் சந்திக்குக் கிட்ட ஒரு கடை போட்டிருக்கிறாள். உங்களில் சிலர் வேலைக்கு வரும் வழியில் அங்கே சாமான் வாங்குவீர்கள். அந்த அம்மா காலமானதை அவளிடம் நீங்கள் சொல்லிவிடவேண்டாம். அது நான் சொல்லவேண்டியது.

என்னைக் கண்டால் முகம் மலர்ந்துதான் பேசுவாள். பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பாள். மிச்சக்காசைக் கையில் தரும்போது குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பாள்.

“அந்த அம்மாவிட்டச் சொன்னீங்களோ, சேர்?”

“யாழ்ப்பாணம் போக இன்னும் வசதிப்படேல்லைப் பிள்ளை.”

“அவசரமில்லை. போகேக்க மறக்காமல் சொல்லுங்கோ, என்ன.”

போன கிழமை தேங்காய் வாங்கப் போனபோதும் கேட்டாள். போன கிழமையும் அதையேதான் சொல்லிவிட்டு வந்தேன்.